அந்தப் படங்களை ஏன் போடவில்லை?



கோடை விடுமுறையில் நீங்கள் எடுத்த பறவைப் படங்களையும் பூச்சிப் படங்களையும் அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருந்தோம். அடேயப்பா, எத்தனை படங்கள்! அப்பாவின் செல்போனில் எடுத்தவை, சித்தப்பாவின் கேமராவில் எடுத்தவை, அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி எடுத்தவை என்று வந்து குவிந்துவிட்டன. எருமையின் முதுகில் ராஜா மாதிரி உட்கார்ந்து வரும் கரிச்சான், மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் பஞ்சுருட்டான்கள், எருக்கம்பூவில் தேன் குடிக்கும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி... பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை. நல்ல படங்களை நடுப்பக்கத்தில் வெளியிட்டிருக்கிறோம்.

ஆனால், வந்தவற்றில் ஒரு பெரிய பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். எல்லாம் கூட்டுப் படங்கள். வாயைப் பிளந்துகொண்டு கத்தும் குஞ்சுகள், இலையை விலக்கிப் பிடித்து எடுத்த தையல்சிட்டின் கூடு, எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காகப் பக்கத்தில் பேனாவை வைத்து எடுத்த ஆள்காட்டி முட்டைகள். இவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் போடவில்லை. "என் படம் தெளிவாகத்தானே இருந்தது? பிறகு ஏன் போடவில்லை?" என்று சிலர் கோபப்படுவீர்கள். கோபம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் எங்கள் கடமை.

முதலில் அந்த ஆள்காட்டியையே எடுத்துக்கொள்வோம். கண்மாய்க் கரையிலும் தரிசு நிலத்திலும் நீண்ட மஞ்சள் கால்களால் ஓடி ஓடி நிற்குமே, அந்தப் பறவை. யாராவது அந்தப் பக்கம் வந்தால் போதும், வானத்தில் வட்டமிட்டு ஊரையே கூட்டிவிடும். ஆளைக் காட்டிக் கொடுப்பதால் அதற்கு அந்தப் பெயர். மார்ச் மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை பெரும்பாலும் அது முட்டையிடும் காலம். கூடு என்று பெரிதாக எதுவும் கட்டாது. வெட்டவெளித் தரையில் சிறு பள்ளம், சுற்றி நாலைந்து கூழாங்கற்கள், அவ்வளவுதான். அதில் பெரும்பாலும் 4 முட்டைகள் இருக்கும். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருப்பதால் மிதிக்கும் தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

அடைகாப்பது என்றால் முட்டைக்குச் சூடு கொடுப்பது என்றுதானே படித்திருக்கிறீர்கள்? கத்தரி வெயிலில் கதையே வேறு. தரை கொதிக்கும்போது ஆள்காட்டிக்கு முட்டையைச் சூட்டிலிருந்து காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. உச்சி வெயிலில் அது முட்டைகளின்மேல் குடைபோல நின்று நிழல் கொடுக்கும். பக்கத்தில் தண்ணீர் இருந்தால் ஓடிப்போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின்மேல் உட்காரும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இதைச் செய்யும். எத்தனை நாள் தெரியுமா? ஏறத்தாழ நான்கு வாரம்!

இப்போது நீங்கள் அங்கே வருகிறீர்கள். பறவை எழுந்து பறந்துவிடுகிறது. நீங்கள் முட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்து, குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சம் பார்த்து, பேனாவை வைத்து எடுத்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. மறுநாள் நண்பனைக் கூட்டி வருகிறீர்கள். அதற்கு அடுத்த நாள் அவன் தன் தம்பியைக் கூட்டி வருகிறான். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெந்துபோனால் வெளியே எதுவும் தெரியாது. படத்தில் அந்த முட்டை அழகாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் குனிந்து பார்ப்பதைப் பனைமரத்தில் உட்கார்ந்து ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பார். வேறு யார், காக்கையார்தான்! மனிதர் எங்கே குனிகிறாரோ அங்கே ஏதோ இருக்கிறது என்று அதற்கு நன்றாகத் தெரியும். செம்போத்தும் வால்காக்கையும் இதில் சளைத்தவை அல்ல. தையல்சிட்டு இரண்டு இலைகளை நாரால் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, யார் கண்ணிலும் படாமல் குஞ்சுகளை வளர்க்கிறது. படத்துக்கு மறைக்கிறதே என்று நாம் ஓர் இலையை விலக்கி விடுகிறோம், அல்லது ஒடித்துப் போட்டுவிடுகிறோம். அந்த இலைதான் அந்த வீட்டின் கதவு. கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாயைப் பிளந்த குஞ்சுகளின் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்த்தால் சிரிப்பதுபோல இருக்கிறது. சிரிப்பு இல்லை, பசி. கிளை அசைந்ததும் அம்மா இரையோடு வந்துவிட்டாள் என்று நினைத்து அவை வாயைத் திறக்கின்றன. அம்மாவோ வாயில் புழுவை வைத்துக்கொண்டு பக்கத்து மரத்தில் தவித்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் போனால்தான் அவள் வருவாள்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் என்று அது சொல்லவில்லை. பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதையும்கூட வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கையில் துப்பாக்கிக்குப் பதில் செல்போன் இருக்கிறது, அதுதான் வித்தியாசம். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரியவர்கள் யோசித்துச் சட்டம் எழுதும்போதே கூட்டைத் தனியாக நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. அங்குள்ள கண்மாய்க்கு வந்து கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கேயும் உங்களைப் போலச் சிறுவர் சிறுமியர் இருக்கிறார்கள். பக்கத்து ஊரில் வெடிச்சத்தம் கேட்கும்போது அவர்களுக்கும் கை துறுதுறுவென்றுதான் இருக்கும். ஆண்டுதோறும் ஒரு பண்டிகையின் பட்டாசையே அவர்கள் விட்டுக் கொடுக்கிறார்கள் என்றால், நாம் ஒரு படத்தை விட்டுக் கொடுக்க முடியாதா?

இங்கே விவரமான பிள்ளை யாராவது எழுந்து நின்று, "உலகத்தில் முதன்முதலாகப் பறவைகளைப் படம் எடுத்தவர்களே கூட்டைத்தானே எடுத்தார்கள்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி! இங்கிலாந்தில் யார்க்ஷயர் கிராமம் ஒன்றில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பியரைத்தான் சொல்கிறீர்கள். 1892ஆம் ஆண்டில் செர்ரி, முட்டைகளோடு இருந்த ஒரு கூட்டைப் படம் எடுத்தார். 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றிப் புகைப்படங்களோடு இருவரும் ஒரு புத்தகமே கொண்டு வந்தார்கள். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் சிறுவர்கள் பொழுதுபோக்காக என்ன செய்தார்கள் தெரியுமா? நாம் தபால் தலை சேகரிப்பதைப் போல அவர்கள் பறவை முட்டைகளைச் சேகரித்தார்கள்! முட்டையில் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றிவிட்டு, ஓட்டைப் பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். முட்டையை எடுக்காமல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது அன்றைக்குப் பெரிய முன்னேற்றம். முட்டை எடுப்பதை அந்த நாடு சட்டம் போட்டுப் பரவலாகத் தடுத்தது 1954இல்தான். அன்று நாட்டில் கேமரா வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். இன்று ஒரு தெருவுக்கு எத்தனை செல்போன் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குப் பொருந்தியது நமக்குப் பொருந்தாது. இப்போது பல புகைப்படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை.

அந்த அண்ணன் தம்பியரிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. 1900ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு மாட்டின் தோலை வாங்கி, உள்ளே கூடாக வைத்துப் பொய்மாடு ஒன்று செய்தார்கள். ஒருவர் கேமராவோடு அதற்குள் புகுந்து மணிக்கணக்கில் வயலில் நிற்பார்! உள்ளே மூச்சு முட்டும், இடுப்பு ஒடியும். ஒருமுறை அண்ணன் உள்ளேயே மயங்கிவிட, மாடு கால்களை ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு கவிழ்ந்துவிட்டதாம். தம்பி முதலில் அதைப் படம் எடுத்துக்கொண்டுதான் அண்ணனை வெளியே எடுத்தார் என்று சொல்வார்கள்.

மாடு எதற்கு? பறவைகள் மாட்டைக் கண்டு பயப்படுவதில்லை. நம் ஊரிலும் அப்படித்தானே! மேயும் மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு நடந்துகொண்டே இருக்கும். உழும் டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் கூட்டமாக ஓடும். ஆனால் நாம் நேராக நடந்துபோனால் எல்லாம் பறந்துவிடும். ஆகவே பொய்மாடு செய்யச் சொல்லவில்லை, நிஜ மாட்டையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேய்க்கும் தாத்தாவோடு ஓர் ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அரைமணி நேரத்தில் பறவைகள் உங்களை மறந்துவிடும். நீங்கள் பறவையை நோக்கிப் போவதைவிட, பறவை உங்களை நோக்கி வரும்படி உட்கார்ந்திருப்பதுதான் இந்தக் கலையின் பாதி. உட்காரத் தெரியாதவருக்கு எவ்வளவு விலை உயர்ந்த கேமராவும் உதவாது.

ரொம்ப நெருங்கிவிட்டோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பறவையே சொல்லிவிடும். மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், அங்கேயே நின்றுவிடுங்கள். கத்த ஆரம்பித்தால் இரண்டு எட்டு பின்னால் வாருங்கள். வாயில் புழுவையோ பூச்சியையோ வைத்துக்கொண்டு, அதை விழுங்காமல், இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்கும் மாறி மாறிப் பறந்தால் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே இடத்தைக் காலி செய்யுங்கள். கூடு எங்கே என்று தேடவே தேடாதீர்கள்.

செல்போனில் எடுத்தால் பறவை கடுகு மாதிரித் தெரிகிறதே என்று பலர் குறைப்பட்டு எழுதியிருந்தீர்கள். தெரியட்டுமே! பனைமரம் முழுவதும் தெரிய, உச்சியில் சின்னதாக ஒரு பனங்காடை இருக்கிற படத்தைத்தான் இந்த வாரம் முதல் படமாகப் போட்டிருக்கிறோம். அந்தப் பறவை எங்கே வாழ்கிறது, எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மூக்கும் கண்ணும் மட்டும் பெரிதாகத் தெரியும் படத்தில் அது இல்லை.

நம் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் என்று ஒரு பெரியவர் இருந்தார். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கனமான கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார்! அதைச் சுமந்துகொண்டு காடு காடாக அலைந்து யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1950ஆம் ஆண்டு முதல் 1996இல் மறையும் வரை, 46 ஆண்டுகள் ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அதில் யானையும் புலியும் மட்டும் இல்லை. காக்கை, அணில், வீட்டுப் பல்லி எல்லாம் வரும். தம் எழுத்துக்குத் தாமே படமும் வரைவார். கேமராவை எடுப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்து முடித்தவர் அவர். அந்தக் காலத்து ஃபிலிம் சுருள் ஒன்றில் 36 படங்கள்தான் எடுக்கலாம். ஆகவே யோசித்துத்தான் பொத்தானை அழுத்துவார்கள். இப்போது நிமிடத்துக்கு முப்பது படம் எடுக்கிறோம், ஒன்றையும் பார்ப்பதில்லை.

பறவையைவிட உங்கள் கையிலுள்ள செல்போனுக்கு ஏற்றவை பூச்சிகள்தான். அதற்குக் காடு மேடு போகவும் வேண்டாம். காலை ஏழு மணிக்கு வேலிப் பக்கம் போய்ப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிகள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உடம்பு சூடேறினால்தான் அவற்றால் பறக்க முடியும். அதுவரை படம் எடுக்க அவகாசம் இருக்கிறது. உங்கள் நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது, விழுந்தால் ஓடிவிடும். தட்டான் பறந்துவிட்டதே என்று துரத்தாதீர்கள். பல தட்டான்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே குச்சிக்கே திரும்பி வரும். குச்சிக்கு எதிரே அசையாமல் காத்திருந்தால் போதும். அதன் ஒரு கண்ணில் ஆயிரக்கணக்கான சின்னக் கண்கள் இருக்கின்றன, ஆகவே அசைந்தால் கண்டுபிடித்துவிடும்! தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது போலிருக்கிறது. நூலோடு ஒரு படம் வந்திருந்தது. அதைப் பற்றி எழுதக்கூட மனம் வரவில்லை.

பூச்சிப் படத்திலும் ஏமாற்று வேலைகள் உண்டு. குளிர்சாதனப் பெட்டியில் பூச்சியை வைத்து, அது விறைத்துப் போனதும் எடுத்துப் பூவின்மேல் உட்கார வைத்துப் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்களே செய்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் பூச்சியின் கால்கள் பூவைப் பற்றியிருக்காது, கூர்ந்து பார்த்தால் தெரியும். வண்ணத்துப்பூச்சியின் சிறகைப் பிடித்தால் விரலில் ஒட்டுகிறதே பொடி, அவை நுண்ணிய செதில்கள். உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. ஆகவே தொட வேண்டாம். போகிற போக்கில் ஒரு விஷயம்: பூச்சி என்ற தலைப்பில் நிறையப் பேர் சிலந்தியை அனுப்பியிருந்தீர்கள். பூச்சிக்கு 6 கால், சிலந்திக்கு 8 கால். எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்!

வெளியே போகும்போது பெரியவர் ஒருவரோடு போங்கள். கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தால் கிணறும் தெரியாது, பாம்பும் தெரியாது. வயலுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், நாற்றை மிதிக்காதீர்கள். ஆந்தை இருக்கும் பொந்தைக் கண்டுபிடித்தால் ஊர் முழுக்கச் சொல்லாதீர்கள். செல்போனில் எடுக்கும் படத்துக்குள் அந்த இடமும் பதிவாகிவிடக்கூடும், எல்லோருக்கும் அனுப்பும் முன் அப்பாவிடம் சொல்லி அதை நிறுத்திவிடுங்கள். ராத்திரியில் ஆந்தையின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது.

படம் எடுத்ததும் ஒரு நோட்டில் தேதி, நேரம், ஊர், எந்தச் செடி அல்லது மரம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். இந்த ஐந்தும் இல்லாத படம் அழகாக இருந்தாலும் பாதிப் படம்தான். ஐந்தும் இருந்தால் மங்கலான படம்கூடப் பயன்படும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் சமயத்தில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, எந்தெந்தப் பறவை எத்தனை என்று பட்டியல் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். கேமராவே தேவையில்லை. நோட்டில் எழுதிப் பழகியவர்களுக்கு அது மிக எளிது.

அடுத்த போட்டிக்கான விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கறிவேப்பிலைச் செடி இருக்கும். அதன் இளம் இலைகளைத் தினமும் பாருங்கள். ஒருநாள் ஓர் இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அது எச்சம் இல்லை, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு! எச்சம் என்று நினைத்துப் பறவைகள் தின்னாமல் விட்டுவிடும் அல்லவா, அதற்குத்தான் அந்த வேஷம். வளர வளரப் பச்சையாக மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் அடிக்கும், சீண்டாதீர்கள். பிறகு நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து சிறகு வரை ஏறத்தாழ ஒரு மாதம். தினம் ஒரு படம், ஒரே இடத்தில் நின்று, தொடாமல். அம்மா சாம்பாருக்கு இலை கிள்ள வந்தால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். கிளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்தால் அவருக்கும் மறக்காது.